ஆறாம் நம்பர் போர்டு

காலை ஆறே முக்காலுக்கே டிரைவர் குளித்து, தலை சீவி, சட்டையை பேன்ட்டுக்குள் செருகிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். வகுப்பு ஒன்பது மணிக்கு.

"ஸ்கூல்ல சேர்த்த அன்னிக்குக்கூட உங்க பொண்ணு இவ்வளவு சீக்கிரம் கிளம்பலை," என்றாள் மனைவி. அவள் தையல்காரி. வாயில் நாலு குண்டூசி இருந்தாலும் பேச்சு மட்டும் தடைப்படாது.

"இன்னிக்குப் பரீட்சைடி."

"பரீட்சை அவளுக்கு. நீங்க ஏன் வேர்க்குறீங்க?"

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நம் டிரைவர், பெற்ற மகள் நடத்தும் வகுப்பிலேயே மாணவராகச் சேர்ந்திருக்கிறார். எலக்ட்ரானிக் போர்டை மெஷினில் செதுக்கி, பாகங்களை ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சொல்லித்தரும் வகுப்பு அது. ஆறு பேர் இருந்தால்தான் நடக்கும். மகள் சல்லடை போட்டுத் தேடியும் ஐந்து பேர்தான் கிடைத்தார்கள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும், "நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்ல? என்னைப் போட்டுக்கோ" என்று இவர் ஃபாரத்தை வாங்கி நிரப்பிவிட்டார்.

நடத்துபவரின் சொந்தக்காரர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது பயிற்சி மையத்தின் விதி. ஆகவே மையத்தின் படி ஏறியதும் அவள் "டீச்சர்", இவர் "ஆறாம் நம்பர் சார்". மூன்று வாரமாக அப்பாவும் மகளும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் எத்தனை வாரம் மறைப்பார்கள் என்று வாசகர் ஒருவர் கோபமாகவே எழுதிக் கேட்டிருக்கிறார். பொறுங்கள் ஐயா, அவர்களுக்கு மட்டும் ஆசையா என்ன?

இன்று மூன்று மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி வருகிறார். ஆறு பேரும் தாங்களே செய்த போர்டில் விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் வகுப்பு நிரந்தரம், மகளின் வேலையும் நிரந்தரம். ஒன்று எரியாவிட்டாலும் இன்றோடு மூடுவிழா. இரண்டு வருடம் அங்கே ஆறு மாதம், இங்கே மூன்று மாதம் என்று அலைந்தவள் அவள். பாடத்தை யோசித்தது முதல் மேஜைக்கு ஒயர் இழுத்தது வரை இந்த வகுப்பை அவளே கட்டி எழுப்பியிருந்தாள்.

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். ஆனால் டிரைவர் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வருவார். யாராவது சேர்த்துப் பார்த்துவிட்டால்? பஸ்ஸில் அவள் முன்வரிசை, இவர் பின்வரிசை. ஒவ்வொரு திருப்பத்திலும் இவருடைய வலது கால், இல்லாத பிரேக்கை மிதிக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தள்ளி உட்காருவார்கள்.

டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது வகுப்பறை. இரண்டு நீள மேஜை, ஆறு சால்டரிங் அயர்ன், ஆறு பூதக்கண்ணாடி. மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த மெஷின். செம்பு பூசிய அட்டையை உள்ளே ஒட்டி வைத்தால், பென்சில் முனையைவிட மெல்லிய ஊசி கிர்ரென்று சுற்றிக்கொண்டு, வேண்டாத செம்பை மட்டும் சுரண்டி எடுத்துவிடும். மிஞ்சும் செம்புக் கோடுகள்தான் மின்சாரம் ஓடும் பாதை. கம்ப்யூட்டரில் படம் எப்படி இருக்கிறதோ அப்படியே செதுக்கும். சொன்னதைச் செய்யும், சொல்லாததை யோசிக்காது.

முதல் ஐந்து பேரும் நேற்றே செதுக்கிவிட்டார்கள். ஆறாம் நம்பரின் முறை இன்று காலை.

"ஆறாம் நம்பர் சார், உங்க படம் ரெடி. கண்ணாடி போட்டுக்கிட்டு ஸ்டார்ட் அமுக்கினா போதும்," என்றாள் டீச்சர். அதற்குள் இரண்டாம் நம்பர் பேக்கரிக்காரர் விரலைச் சுட்டுக்கொண்டு "ஐயோ" என்றார். அவள் அங்கே ஓடினாள்.

டிரைவர் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். படத்தின் ஓரத்தில் அவருடைய எண்ணான 6, கண்ணாடியில் தெரிவது போல வலமிடமாகத் திரும்பிக் கிடந்தது.

'ஐயையோ, பொண்ணு தப்புப் பண்ணிடுச்சே' என்று நினைத்தார். ராத்திரி அவள் சரியாகத் தூங்கவில்லை. காலையில் காபியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு வந்தாள். பதற்றத்தில் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. இதை இத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னால் அவள் மானம் என்ன ஆவது?

படத்தைத் திருப்பும் பொத்தான் எது என்று அவருக்குத் தெரியும். அவள் அமுக்குவதை நாலு தடவை பார்த்திருக்கிறார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அமுக்கினார். 6 சமர்த்தாக நேரே நின்றது. ஒரு பெரிய விபத்தை யாருக்கும் தெரியாமல் தவிர்த்துவிட்ட திருப்தியோடு ஸ்டார்ட்டையும் அமுக்கினார்.

முப்பத்தைந்து நிமிடம் மெஷின் பாடியது. டிரைவரும் கூடவே முணுமுணுத்தார்.

வெளியே எடுத்த போர்டு தகதகவென்று இருந்தது. தூளைத் துடைத்து, பேக்கரிக்காரர் பக்கத்தில் பெருமையாக வைத்தார்.

"சார், உங்க ஆறு நேரா இருக்கே?" என்றார் பேக்கரிக்காரர்.

"பின்ன? நேரா இருக்கணும்ல?"

"என்னோட ரெண்டு திரும்பில்ல இருக்கு. எல்லாருக்கும் திரும்பித்தான் இருக்கு. பாருங்க."

பார்த்தார். ஒன்று தொடங்கி ஐந்து வரை எல்லா எண்ணும் திரும்பித்தான் இருந்தன.

டீச்சர் வந்து போர்டைக் கையில் எடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யார் திருப்பினது?" என்றாள்.

"நான்தான். படம் தப்பா இருந்தது. அவசரத்துல நீ... நீங்க கவனிக்கலையோன்னு..."

"அது தப்பு இல்ல சார். பாகமெல்லாம் மேல உட்காரும், செம்பு அடியில இருக்கும். மேலருந்து பார்த்து வரைஞ்ச படத்தை அடியில செதுக்கணும்னா திருப்பித்தான் கொடுக்கணும். நான் திருப்பி வெச்சிருந்தேன். நீங்க அதை மறுபடியும் திருப்பிட்டீங்க."

டிரைவர் அதில் உட்கார வேண்டிய சிப்பை எடுத்து மேலே பிடித்துப் பார்த்தார். எட்டுக் கால் கொண்ட அந்தக் கறுப்புப் பூச்சியின் முதல் கால் போக வேண்டிய இடத்தில் எட்டாம் கால் நின்றது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

"வேற அட்டை?"

"இதுதான் கடைசி. புதுசு நாளைக்குத்தான் வரும்."

அதோடு விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் இன்னும் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மூணு வாரமா சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? என் மேல அவ்வளவுதான் நம்பிக்கையாப்பா?" என்றாள்.

அந்தக் கடைசி 'அப்பா' பேக்கரிக்காரர் காதில் விழுந்ததா தெரியவில்லை. டிரைவரின் நெஞ்சில் விழுந்தது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூட யாரிடமும் வழி கேட்காத மனுஷர் அவர். அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

மத்தியானம் கீழே டயர் கடை வாசலில் மனைவி நின்றிருந்தாள். கையில் டிபன் பாக்ஸ். காலையில் ஆறே முக்காலுக்குத் தயாரானவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார்.

"மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? வண்டியை எதுலயாவது இடிச்சிட்டீங்களா?"

"இடிச்சிட்டேன்டி. நம்ம பொண்ணு மேலயே இடிச்சிட்டேன்."

அடுக்கி வைத்த டயர் மேல் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவளோ சிரிக்க ஆரம்பித்தாள். டயர் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"முப்பத்தோரு வருஷம் கண்ணாடி பார்த்தே வண்டி ஓட்டினீங்க. கண்ணாடி விஷயத்துலயா கோட்டை விடுவீங்க?"

"எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்தாதே."

"இருங்க. இதுக்குப் போய் இடிஞ்சு உட்காருவாங்களா? கல்யாணமான புதுசுல நான் ஒரு தடவை ஸ்கூல் சட்டைக்குக் கை வெட்டினேன். பன்னெண்டு கையும் இடது கை. ஆறு பிள்ளைங்க, ஒருத்தனுக்கும் வலது கை இல்ல."

"என்ன பண்ணினே? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"உங்ககிட்ட சொன்னா ஊருக்கே ஹாரன் அடிப்பீங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற துணி அது. ஆறு கையை உள்பக்கம் வெளிப்பக்கமாத் திருப்பிப் போட்டேன். இடது கை வலது கை ஆயிடுச்சு. துணிக்குத் தெரியுமா எது மேல் பக்கம்னு? நாமதான் சொல்லணும்."

டிரைவர் சோற்றோடு வாய்க்கு அருகே கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார்.

"திருப்பிப் போட்டியா?"

"ஆமா."

"அப்ப பாகத்தை எல்லாம் அந்தப் பக்கம் வைக்காம, செம்பு இருக்கிற பக்கமே வெச்சா?"

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? உங்க டீச்சரைக் கேளுங்க."

டிபன் பாக்ஸை அவள் கையில் கொடுத்துவிட்டு டிரைவர் இரண்டிரண்டு படியாக ஏறினார். "கையைக் கழுவிட்டுப் போங்க!" என்ற குரல் பின்னாலேயே ஏறி வந்தது.

டீச்சர் ஜன்னலோரம் நின்று, சாப்பிடாமல் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை. டிரைவர் மேஜைக்கு இந்தப் பக்கமே நின்று, வகுப்பில் எல்லாரும் செய்வது போலக் கையைத் தூக்கினார். மூன்று வாரத்தில் அவர் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், ஒரு சந்தேகம். கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கேளுங்க சார்."

சொன்னார். அவள் போர்டையும் சிப்பையும் வாங்கி, சிப்பைச் செம்புப் பக்கத்தில் வைத்து, கால்களை ஒன்று இரண்டு என்று எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள். கண் மெல்ல விரிந்தது.

"சரியா வருது. முதல் கால் முதல் கால் இடத்துலயே வருது! ஆனா ஒரு சிக்கல் இருக்கு. சிப் செம்பு மேலயே படுத்துக்கிட்டா அயர்ன் முனை காலுக்கு எட்டாது. எப்படிப் பற்றவைப்பீங்க?"

டிரைவர் யோசித்தார். "அடியில ரெண்டு தீக்குச்சி கொடுத்துத் தூக்கி வெச்சா? டயர் மாத்துறப்போ ஜாக்கி கொடுக்கிற மாதிரி. பற்றவைச்சுட்டுக் குச்சியை உருவிடலாம்."

"இதை நான் சொல்லித்தரவே இல்லையே!"

"ஜாக்கி எனக்குத் தெரியும் டீச்சர். சிப்புதான் புதுசு."

அவள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. "மணி ஒண்ணே முக்கால். நான் தொடக் கூடாது. முழுக்க நீங்கதான் செய்யணும். ஓடுங்க."

டிரைவர் அயர்னை எடுத்தார். அவர் கை ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை. முதல் வாரத்தில் ஈயத்தை நேராக அயர்ன் முனையில் உருக்கி, கால் மேல் சொட்ட விட்டு, உருண்டை உருண்டையாக மணி கோத்தவர். முதலில் காலையும் செம்பையும் சேர்த்துச் சூடாக்கு, அப்புறம்தான் ஈயக் கம்பியைக் காட்டு, ஈயம் தானே ஓடி வரும் என்று டீச்சர் நூறு தடவை சொல்லியிருந்தாள். எஞ்சின் சூடாகாமல் வண்டியை விரட்டாதே என்று அவர் எத்தனை இளசுகளைத் திட்டியிருக்கிறார்! அதே சங்கதிதான், புகை மட்டும் மூக்குக்குப் பக்கத்தில்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சூடாக்கினார். கம்பியைக் காட்டினார். ஈயம் பளிச்சென்று ஓடிக் காலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. எட்டுக் காலும் முடிந்து தீக்குச்சியை உருவியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மிச்சப் பாகங்களையும் அதே போல் செம்புப் பக்கத்திலேயே நிற்க வைத்தார். கடைசியில் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும். இரண்டும் மாறி மாறிக் கண் சிமிட்ட வேண்டும்.

மூன்றடிக்கப் பத்து நிமிடம். பேட்டரியை இணைத்தார்.

பச்சை சிமிட்டியது. சிவப்பு ஊமையாக நின்றது.

வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழி உடைய வேண்டும்? டீச்சர் நாலடி தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

"டீச்சர், சிவப்பு செத்துடுச்சா?"

"நான் சொல்ல மாட்டேன். நீங்க என்ன பார்க்கணும்?"

டிரைவர் பூதக்கண்ணாடியை இழுத்தார். சிவப்பு விளக்கின் ஒரு காலில் ஈயம் மேலே சும்மா உட்கார்ந்திருந்தது. செம்பைப் பிடிக்கவே இல்லை. அவசரத்தில் சூடாக்காமல் கம்பியைக் காட்டியிருக்கிறார். அயர்னை மறுபடி வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. உருண்டை பொசுக்கென்று உருகிச் செம்பில் படர்ந்தது.

பச்சை. சிவப்பு. பச்சை. சிவப்பு.

"இண்டிகேட்டர்!" என்று கத்தினார் டிரைவர். பேக்கரிக்காரர் ஓடி வந்து அவர் முதுகில் ஒன்று வைத்தார். டீச்சர் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் போல டிரைவருக்கு இருந்தது. ஆறாம் நம்பர் அதையெல்லாம் செய்ய முடியாது.

மேலதிகாரி அம்மாள் சொன்ன நேரத்துக்கு டாணென்று வந்தார். சிரிப்பைக் கைப்பையில் பூட்டி வைத்தவர் போல ஒரு முகம். ஒன்று முதல் ஐந்து வரை பார்த்தார், டிக் அடித்தார். ஆறில் நின்றார்.

"இது என்ன? எல்லாம் தப்புப் பக்கத்துல இருக்கு?"

டிரைவர் எழுந்து நின்றார்.

"தப்பு என்னுது மேடம். டீச்சர் படத்தைச் சரியாத்தான் வெச்சிருந்தாங்க. நான் பெரிய புத்திசாலின்னு திருத்தப் போய்க் கெடுத்துட்டேன். அப்புறம் டீச்சர்கிட்ட கேட்டு, பாகத்தைத் திருப்பி வெச்சுப் பற்றவைச்சேன். அவங்க கை படலை."

"திருப்பி வைக்கிற யோசனை யாருது?"

"ஒரு தையல்காரம்மாவுது. கீழ டயர் கடையில இருக்காங்க."

மேலதிகாரி போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கெட்டுப்போன போர்டைத் தூக்கிப் போடாம வேலை வாங்குறதுதான் நிஜமான பாடம்," என்றார் கடைசியில். பெரிய டிக்காக அடித்தார். "ஆறுக்கு ஆறு. வாழ்த்துகள் டீச்சர்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று டிரைவர் நாற்காலியில் சரிந்தார்.

மேலதிகாரி கையெழுத்துக்காக ஆறு ஃபாரங்களையும் வரிசையாகப் புரட்டினார். கடைசி ஃபாரத்தில் கண்ணைச் சுருக்கினார்.

"அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர்ல, கடைசி எண் ஒண்ணா ஏழா? கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. எதுக்கும் ஒரு தடவை போட்டுப் பார்த்துடறேன்."

தன் போனை எடுத்து அமுக்கினார்.

டீச்சரின் மேஜை மேலிருந்து மணி அடித்தது.

ஒரு தடவை. இரண்டு தடவை. எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பின. டிரைவருக்கு இப்போதுதான் நினைவு வந்தது. ஃபாரத்தின் மற்ற வரியையெல்லாம் யோசித்து யோசித்துத்தான் நிரப்பினார். இந்த ஒரு வரிக்கு யோசிக்கவே இல்லை. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டால், ஒரு மனுஷன் வேறு யாருடைய நம்பரை எழுதுவான்?

"இது உங்க நம்பரா டீச்சர்?" மேலதிகாரியின் குரலில் ஈரமில்லை. "இந்த சார் உங்களுக்கு யாரு?"

வேண்டாம், ஏதாவது சொல்லிச் சமாளி என்று டிரைவர் கண்ணாலேயே கெஞ்சினார். மகள் போனை அணைத்தாள். மேஜையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"எங்க அப்பா மேடம். மறைச்சது தப்பு. ஆனா அந்த போர்டு முழுக்க அவர் செஞ்சது."

மூன்று வாரத்தில் அந்த அறையில் அந்த வார்த்தையை அவள் உரக்கச் சொன்னது அப்போதுதான். வகுப்பு கையை விட்டுப் போகிறதே என்று பதற வேண்டிய நேரத்தில் டிரைவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இப்படிக் குளிர்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"அப்படின்னா இந்த வகுப்புல அஞ்சு பேர்தான்," என்றார் மேலதிகாரி. கையெழுத்துப் போட இறங்கிய பேனா காகிதத்துக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. அவர் பார்வை மட்டும் பச்சை, சிவப்பு என்று சிமிட்டிக்கொண்டிருந்த ஆறாம் நம்பர் போர்டை விட்டு நகரவில்லை.

"டீச்சர், நிரப்பாத ஃபாரம் ஒண்ணு இருக்கா?"

"எதுக்கு மேடம்?"

"முதல்ல குடுங்க. ஒரு ஆள்தானே குறையுது?" என்று மேலதிகாரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.